ஒன்பதாவது பக்கம்

பிப்ரவரி 3

மாஸ்டர் தம்பிக்கு,

நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். எழுதிவிட்டேன். நம்ப வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. என் மகனின் ஷூ, துண்டு, நோட்டு மூன்றும் பத்திரமாக இருந்தன. வேலைக்குப் போன ஊரில் அவன் உங்கள் ஜிம்மில் சேர்ந்ததே எனக்குத் தெரியாது. எட்டு நாள் காய்ச்சலில் அவன் போன பிறகு, பார்சலைப் பிரித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். நோட்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். வாரத்துக்கு ஒரு பக்கம். கம்பியைத் தரையிலிருந்து இடுப்பு வரை தூக்கியது, முதல் வாரம் இருபது கிலோ. எட்டாவது வாரம் முப்பத்துநாலு. அதற்கப்புறம் வெறும் தாள். அட்டையின் உள்பக்கத்தில் "41 - அம்மா" என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறான்.

அது என் எடை. கடைசியாக வந்தபோது பக்கத்து மளிகைக் கடைத் தராசில் என்னை ஏற்றி நிறுத்தினான். எதற்கென்று சொல்லவில்லை. அதற்கு முந்தின நாள்தான் தண்ணீர் கேனைத் தூக்க முடியாமல் தடுமாறினான். நான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், வாய் சும்மா இருக்குமா? "உன்னைக் கொடியில காயப்போட்டா நாலு கிளிப் போடணும்டா, இல்லன்னா காத்துல போயிடுவ" என்றேன். "ஒரு நாள் உன்னையே தூக்கிக் காட்டுறேன், பாரு" என்றான். சிரித்தேன். நிறையச் சிரித்துவிட்டேன் தம்பி.

நானும் நோஞ்சான்தான். அவனுக்கு உடம்பு என்னிடமிருந்து வந்தது. அவன் விட்டுப்போன நாற்பத்தொன்றை நான் தூக்கியாக வேண்டும். இரண்டு பெயின்ட் டப்பாவில் மணல் நிரப்பி, இரும்புக் குழாயில் மாட்டி, அவன் நிறுத்திய முப்பத்துநாலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. எங்கே தப்பு என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் வந்த பையனின் அம்மா


பிப்ரவரி 11

அம்மாவுக்கு வணக்கம்.

முதலில் டாக்டரிடம் முதுகைக் காட்டுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு மேலே படியுங்கள்.

அவனுடைய எட்டாவது வாரம் உங்களுக்கு முதல் வாரம் ஆகாது. பத்து கிலோவில் தொடங்குங்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஏற்றுவது வாரத்துக்கு ஒரு கிலோ, அவ்வளவுதான். முதுகு வளையக் கூடாது, குழாய் முழங்காலை ஒட்டியே வர வேண்டும். வயிற்றுக்கு வஞ்சனை செய்யாமல் முட்டையும் பயறும் சாப்பிடுங்கள்.

இன்னொன்று. இங்கே எல்லோரும் அவனைக் குச்சி என்றுதான் கூப்பிட்டோம். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். "எங்கம்மா இதைவிட நல்லா கிண்டல் பண்ணுவாங்க மாஸ்டர்" என்றான். அதைப் பெருமையாகத்தான் சொன்னான்.

அன்புடன்,
மாஸ்டர்


ஜூன் 14

மாஸ்டர் தம்பிக்கு,

அவன் அப்படிச் சொன்னான் என்று எழுதியிருந்தீர்களே, அந்தக் கடிதத்தை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

இருபத்தாறு வந்துவிட்டது. அவன் எழுதிய வரிக்குக் கீழே என் வரியை எழுதுகிறேன். அவன் ஏறிய எடைக்கு நானும் ஏறினால்தான் பக்கத்தைத் திருப்புவேன். ஆகையால் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேரும் இருக்கிறோம். அவன் எழுத்து என்னுடையதைவிட மோசம்.

வாரா வாரம் மணலை நிறுத்துத் தருவது மளிகைக் கடைக்காரர்தான். யார் தலையில் போடுவதற்கு இந்த ஏற்பாடு என்று கேட்கிறார். கடன் கேட்டு வருகிறவர்கள் தலையில் என்று சொல்லிவைத்தேன்.

நேற்று சலவைக் கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்பு நிறைந்த கூடையை ஆள் கூப்பிடாமல் நானே தூக்கி மேடையில் வைத்தேன். சூப்பர்வைசர் கூடையைத் தொட்டுப் பார்த்தார், காலிக் கூடையோ என்று. என் மகன் சொல்லிக்கொடுத்தது என்றேன்.

இப்படிக்கு,
குச்சியின் அம்மா


செப்டம்பர் 6

மாஸ்டர் தம்பிக்கு,

மூன்று வாரமாக முப்பத்துநாலிலேயே நிற்கிறேன். பாரமாக இருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். சுலபமாகத்தான் வருகிறது. ஆனால் அடுத்த பக்கத்தில் அவன் வரி இல்லை. இதுவரை அவன் முன்னால் போனான், நான் பின்னால் போனேன். இனி அவனை விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிப் போவது?

இதோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?

குச்சியின் அம்மா


செப்டம்பர் 13

அம்மாவுக்கு,

அந்த நோட்டு இருநூறு பக்கம். அவன் அதை வாங்கி வந்த அன்று, இவ்வளவு எதற்கடா, சின்ன நோட்டு போதுமே என்றேன். "நான் மெதுவாத்தான் ஏறுவேன் மாஸ்டர். இடம் வேணும்ல?" என்றான்.

நிறுத்துவதும் தொடர்வதும் உங்கள் விருப்பம். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன்.

மாஸ்டர்


நவம்பர் 9

மாஸ்டர் தம்பிக்கு,

நலம். இந்த முறை நம்பலாம்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே ஒன்பதாவது பக்கத்துக்குத் திருப்பினேன். மேலே ஒரு வரியை அவனுக்காகக் காலியாக விட்டு, அதற்குக் கீழே முப்பத்தைந்து என்று எழுதினேன். அதிலிருந்து வாரம் ஒன்றாக ஏறி, இன்றைக்கு நாற்பத்தொன்று.

கடை வாசலிலேயே தூக்க வேண்டும், தானும் பார்க்க வேண்டும் என்று மளிகைக் கடைக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். டப்பாக்களையும் குழாயையும் தராசில் வைத்தால் நாற்பத்தொன்றரை. அரை கிலோ மணலை எடுத்துவிடவா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். முதுகை நேராக வைத்தேன். காலை ஊன்றினேன். குழாய் முழங்காலை ஒட்டி வந்தது. நிமிர்ந்து நின்று மூன்று எண்ணினேன். சத்தம் வராமல் இறக்கி வைத்தேன். சாமான் வாங்க வந்தவர்கள் கையில் பையோடு அப்படியே நின்றார்கள். கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே உங்ககிட்ட விலை ஏத்திச் சொல்லமாட்டேன்க்கா" என்றார்.

அப்புறம் நானே தராசில் ஏறி நின்றேன். நாற்பத்துநாலு காட்டுகிறது. அவன் இருந்திருந்தால், "நான் தூக்குற நேரம் பார்த்து எடையை ஏத்திட்ட, இது அழுகுணி ஆட்டம்" என்று சண்டைக்கு வந்திருப்பான். அட்டையில் இருந்த 41ஐ அடிக்கவில்லை. பக்கத்தில் 44 என்று எழுதி வட்டம் போட்டேன். அதையும் தூக்குவேன்.

அவன் ஷூவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒல்லியாக யாராவது வந்து ஷூ இல்லாமல் நின்றால் கொடுங்கள். பெயர் வைத்துக் கிண்டல் செய்தாலும் பரவாயில்லை. முதல் பக்கத்திலிருந்து மட்டும் தொடங்கச் சொல்லுங்கள்.

நோட்டைத் தரமாட்டேன். இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
குச்சியின் அம்மா,
44 கிலோ