டிரம் நிற்கும் இடம்

ஜூலை 27, வெள்ளி, 1984

விடியும்போதே சாரல். கூடவே வெயிலும். டைப்பிங் இன்ஸ்டிட்யூட் ஜன்னலைச் சாத்தினால் இருட்டு, திறந்தால் பேப்பரெல்லாம் நமுத்துப்போகிறது. பாதி திறந்து வைத்தேன்.

வாங்க வேண்டியது: மூலை மெஷினுக்கு ரிப்பன். எண்ணெய். டேப் ரெக்கார்டருக்கு பாட்டரி. அம்மாவுக்குத் தைலம் (மறந்தாச்சு).

காலை பேட்ச் எல்லாம் ஹையர் டைப்பிங் எழுதப்போகும் பெண்கள். பரீட்சை ஆகஸ்ட் 11. போன மாதம் முதலாளி அண்ணாச்சி எங்கேயோ கேள்விப்பட்டு வந்து, "பாட்டுக்குத் தட்டுனா கை ஒரே சீரா வரும்ங்காவ, நீயும் போடும்மா" என்றார். அவர் மனதில் இருந்தது வீணை. நான் போட்டது என் கேசட்.

பாளையங்கோட்டையில் படிக்கும்போது ரூம்மேட் கொடுத்தது. அவள் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பெண்கள். கிடார் அவர்களே, டிரம் அவர்களே, தொண்டை கிழியக் கத்துவதும் அவர்களே. கூட ஓர் ஆண்பிள்ளை கிடையாது. அவர்களுக்கு முன்னால் பெண்கள் இப்படி இறங்கி அடித்தது அபூர்வம் என்பாள் ரூம்மேட். அட்டைப் படத்தில் டிரம் அடிக்கிறவளுக்கு முகம் இல்லை, முடிதான். எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அந்த முடியை விலக்கிப் பார்க்கும் ஆசை போகவில்லை.

இரண்டாவது பாட்டுதான் எங்களுக்கு. எல்லா மெஷினும் அந்தத் தாளத்தில் விழும்போது தரை அதிர்கிறது, ஜன்னலில் மலை அதிர்கிறது. கீழே மருந்துக்கடைக்காரர்: "மேல என்ன ரயிலா விடுதீய?"

ஜூலை 28, சனி

பரீட்சை மாதிரியே வைத்துப் பார்ப்போம் என்று அண்ணாச்சி கடிகாரத்தோடு வந்து உட்கார்ந்தார். பாட்டு இல்லை. நன்றாகத்தான் போனது. திடீரென்று எல்லா மெஷினும் ஒன்றாக நின்றன. விரல்கள் கட்டைக்கு மேல் அப்படியே. மழைச்சத்தம் மட்டும். பிறகு எல்லாரும் ஒன்றாக, முன்னைவிட வேகமாக.

அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. "கரண்ட் போச்சா?" டைப்ரைட்டருக்கு ஏது கரண்ட். எனக்குப் புரிந்தது. அந்தப் பாட்டின் நடுவில் டிரம் நின்றுவிடும். ஒருத்தி மூச்சு வாங்குவது கேட்கும். அப்புறம் எல்லாரும் சேர்ந்து பாய்வார்கள். இவளுகளும் நின்றிருக்கிறார்கள். பாட்டே இல்லாமல்.

மாரிச்செல்விதான் (இனி மா.செ.) அதிக நேரம் நின்றாள். போன தடவை ஃபெயில். அப்பா போலீஸ் ஏட்டு. இந்தத் தடவையும் போனால் புளியங்குடியில் மாமா மகனுக்குக் கட்டிக்கொடுப்பது என்று பேச்சு முடிந்திருக்கிறது. பாஸானால் வேலைக்கு எழுதிப்போடலாம், கல்யாணம் தள்ளிப்போகும். அதற்குத்தான் அவள் இத்தனை மழையில் இலத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறாள். நான் அவள் கையைக் கெடுத்துவைத்திருக்கிறேன்.

ஜூலை 29, ஞாயிறு

மா.செ.யோடு குற்றாலம். சரியான சீசன் கூட்டம். பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடிக்க இடமில்லை, எண்ணெய் வழுக்கல், யாரோ ஒருத்தியின் முழங்கை என் விலாவில்.

அருவிக்குள் போய்விட்டால் காது கேட்காது. முதுகில் அடி மட்டும். கண்ணை மூடினேன். முடி முகத்தில் விழுந்த அந்தப் பெண் மேலே பாறையில் உட்கார்ந்து என் முதுகில் அடிக்கிறாள். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. தெரியாமலே இருந்திருக்கலாம்.

துணி மாற்றி, மிளகாய் பஜ்ஜி தின்னும்போது மா.செ. சொன்னாள்: "மாமா மவன் நல்லவன்தான் டீச்சர். எலுமிச்சங்கா மண்டி வச்சிருக்கான், ஒரு கொறையும் சொல்லதுக்கு இல்ல. ஆனா அங்கன போய்ட்டா என் கை என்ன செய்யும்?"

இன்னொரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 31, செவ்வாய்

பாட்டை நிறுத்திவிட்டேன். வகுப்பு செத்துப்போனது. கை தூங்குகிறது, தப்பு கூடுகிறது, எல்லாரும் மேஜையிலிருக்கும் டேப் ரெக்கார்டரையே பார்க்கிறார்கள். அரைமணி தாங்கினேன். திரும்பப் போட்டேன்.

சாயங்காலம் கேசட் கடை. அந்த நிறுத்தத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பதிய முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் அட்டைப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பிள்ளைய எல்லாம் பிரிஞ்சு போயி எம்புட்டோ வருசமாச்சுல்லா. இன்னுமா கேக்கீய?"

பிரிந்துவிட்டார்களாம். பஸ் ஸ்டாண்டு வரை நனைந்துகொண்டே நடந்தேன். எனக்கு அழுகை வந்தது, காரணம் அசட்டுத்தனம். தினமும் காலையில் எங்கள் மாடிக்கு வருகிறவர்கள் எப்படிப் பிரிந்திருக்க முடியும்.

நாடாவை வெட்டத் துணியவில்லை. அந்த மூச்சுச் சத்தத்தை வெட்டினால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது.

ஆகஸ்ட் 4, சனி

மறுபடி பாட்டில்லாத பரீட்சை. மறுபடி நின்றார்கள். கொஞ்சம் குறைவாக. மா.செ. மட்டும் அப்படியே.

"அந்த எடம் வந்தா நிக்காம இருக்க முடியல டீச்சர். மரியாத இல்லாத மாதிரி இருக்கு."

திட்ட வாய் வரவில்லை. நானும்தானே சோறு கிளறும்போது கரண்டியோடு நிற்கிறேன்.

பிள்ளைகள் எல்லாருக்கும் கேசட் காப்பி வேண்டுமாம். ஒரு வார்த்தை புரியாது ஒருத்திக்கும். எனக்கே பாதி புரியாது.

ஆகஸ்ட் 10, வெள்ளி

பரீட்சை சென்டருக்கு மெஷின்களை வேனில் ஏற்றினோம். அவரவர் பழகிய மெஷினை அவரவர் கொண்டுபோக வேண்டும். சாக்கு, கயிறு, மேலே தார்ப்பாய். மா.செ. தன் மெஷினுக்குத் தன் பழைய தாவணியைச் சுற்றினாள்.

வானம் கறுப்பு. தூக்கம் வராது.

ஆகஸ்ட் 11, சனி

திருநெல்வேலி. ஆலங்குளம் தாண்டியதும் சாரல் அறுந்துபோய் ஒரே வெயில். பஸ்ஸில் பிள்ளைகள் ஒவ்வொருத்தி மடியிலும் விரல் ஆடுகிறது.

சென்டர் ஒரு பள்ளிக்கூடம். மா.செ.யின் அப்பாவும் வந்திருந்தார். சீருடை இல்லை, வேட்டி. கேட் ஓரம் நின்றார், நானும் நின்றேன்.

மணி அடித்தது. உள்ளே எத்தனையோ ஊர் மெஷின்கள் ஒன்றாக. நான் மனசுக்குள் பாட்டைப் போட்டுக்கொண்டே போனேன். அந்த இடம் வந்தது. இரைச்சல் மெலிந்த மாதிரி இருந்தது. என் காதுக்கு மட்டும்தானோ. ஏட்டையா என்னைப் பார்த்தார். "என்னம்மா, மூச்ச புடிச்சிட்டு நிக்கே?"

முதலில் வந்தது மா.செ. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னட்டி ஆச்சு?"

"நின்னுட்டேன்ப்பா."

அவர் அவள் விரல்களைப் பார்த்தார்.

"நடுவுல கை நின்னுபோச்சு. பக்கத்துல எல்லாரும் அடிக்காவ, நான் சும்மா இருக்கேன். அப்புறம் பாட்டுல உள்ளவளுவ வந்தாளுவ." என்னைப் பார்த்தாள். "வந்த வேகத்துல நானும் போயிட்டேன். பெல் அடிக்குமுன்ன முடிச்சாச்சு. திரும்ப வாசிச்சும் பாத்தாச்சு."

"யாரு வந்தா?"

"எங்க செட்டுப் பிள்ளைய."

அவர் எதிர்க்கடையில் மூன்று கலர் சோடா வாங்கிவந்தார். எனக்கும் ஒன்று. பாதி குடித்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி:

"புளியங்குடிக்கு நான் எழுதிக்கிடுதேன்."

"என்னன்னுப்பா?"

"பிள்ள வேலைக்குப் போவுதுன்னு."

"ரிசல்ட் இன்னும் வரலைல்லா."

"வரட்டும்," என்றார். "உன் மெஷின் திரும்ப ஓடுனத நான் வெளிய நின்னு கேட்டேம்லா."