குளிர்வரைக் கஞ்சிக்கு யார் கை அளவு

திரு நிறைக. உப்பும் முத்தும் விளையும் நெடுங்கரை நாட்டை ஆளும் அடலேறு மாவண்கோ மன்னர், தேனும் தினையும் குறையாத குளிர்வரை நாட்டின் பெருமாட்டியும் தம் அருமை மாமியாருமாகிய முல்லைநாச்சியார் திருமுன் விடுத்த ஓலை. தங்கள் மலையில் மழை தவறாதிருக்க. தங்கள் ஆட்டு மந்தையைப் புலி அறியாதிருக்க. தங்கள் அடுப்பில் தீ அணையாதிருக்க.

தங்கள் திருமகளும் எங்கள் பட்டத்தரசியுமான தேமாங்கொடியார், கருவுற்றது முதல் கடற்கரைச் சோற்றை முகர்ந்தாலே முகம் திருப்பிக்கொண்டதும், பிறந்த வீட்டுச் சாமைக் கஞ்சி ஒன்றே வேண்டுமெனக் கேட்டதும், அது கேட்டுத் தாங்கள் அதைக் காய்ச்சும் முறை எழுதிப் பக்குவ ஓலை விடுத்தருளியதும் தாங்கள் அறிந்தவையே. அதற்குள் அவர் வளையல் முழங்கைவரை ஏறும்படி மெலிந்துவிட்டார். இப்படியே போனால் தாய்க்கும் தாங்காது, சேய்க்கும் தாங்காது என்று மருத்துவர் மன்னரிடம் சொல்லிவிட்டார். இந்நிலையில் தங்கள் ஓலை மடைப்பள்ளியில் பட்ட பாட்டைத் தாங்கள் அறிய வேண்டும் என்பது மன்னர் விருப்பம்.

ஓலை, கஞ்சி காய்ச்சும் செங்கோடன் கைக்கு வந்தது. பாதி ஆயுள் விறகு பிளந்தவன். நரை கண்டபின் எழுத்துக் கற்றவன். கூட்டி வாசிக்கத் தெரிந்துவிட்ட பெருமையில், யாரையும் கேளாமல் அடுப்படியில் உட்கார்ந்து விரித்தான். தங்கள் நாட்டார் ஓலையை மிச்சம் பிடிப்பதில் வல்லவர் போலும். ஒரு பொருளுக்கு ஓர் எழுத்துக்குமேல் செலவழிக்கவில்லை. சா என்பது சாமை, சு என்பது சுக்கு, அதுவரை வெற்றி. கொ என்பதைக் கொள்ளு என்று துணிந்தான். வெந்ததை மோந்து பார்த்த குதிரைக்காரன் காளத்தி, “என்னண்ணே, எங்க குதிரைக்கு எதுக்கு இம்புட்டு மரியாதை?” என்று கேட்டுவிட்டுப் போனான். அது கொத்தமல்லி என்பது, மலைச்சரக்கு விற்க வந்த வணிகன் ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது.

எழுத்து விளங்கியும் அளவு விளங்கவில்லை. நீர் இரண்டு உழக்கு என்றிருந்தது. சாமைக்கும் மிளகுக்கும் உழக்குமில்லை, நாழியுமில்லை. சாமைக்கு ஒரு முழுக் கையும் மிளகுக்கு மூன்று விரலும் வரைந்திருந்தன. பிடி என்றால் பிடிதானே என்று, கோடரி பிடித்துக் காய்த்த தன் கையால் அள்ளிப் போட்டான். கஞ்சி களியாகி அகப்பையை நிமிர்த்தி நிறுத்தியது. மிளகு தொண்டையை அறுத்தது. அரசியார் ஒரு வாய் உண்டு இருமி, இது எங்கம்மா கஞ்சி இல்லை என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீரைக் கூட்டிப் பார்த்தான், சுவை கெட்டது. அதையும் தள்ளிவிட்டார். அன்று செங்கோடனும் உண்ணவில்லை.

மறுநாள் வெட்கத்தை விட்டான். ஓலையையும் சாமைப் பானையையும் கட்டிலருகே கொண்டுபோய் வைத்து, தான் அளப்பதை அள்ளிக் காட்டி, எங்கே பிழை என்று கேட்டான். அந்தப் பிடியைக் கண்டதும், சிரிப்பையே மறந்திருந்த அரசியார் சிரித்துவிட்டார். “ஐய, அது உம்ம கையில்ல? கஞ்சி குடிக்கப்போறது நீரா, நானா?” என்றார். குளிர்வரையில் உண்பவர் கையே அளவென்றும், பிள்ளைக்குப் பிள்ளையின் பிடி, கிழவருக்குக் கிழவரின் பிடி என்றும், உலை கொதித்ததும் தாங்கள் “கையைக் கொண்டா” என்று உண்பவரை அதட்டி அழைப்பீர்கள் என்றும், அதை எழுதி வேறு தெரிவிக்க வேண்டுமென்று அங்கே யாருக்கும் தோன்றியிராது என்றும் உரைத்தார். உரைத்தபடியே எழுந்து உட்கார்ந்து, கையைப் பானைக்குள் விட்டார். மெலிந்த கை, அள்ளியது கொஞ்சம். இரண்டு உழக்கு நீருக்கு அந்தக் கொஞ்சம்தான் கணக்கு.

அன்று ஒரு கிண்ணம் முழுதும் உள்ளே போயிற்று, போனது தங்கிற்று. மாலையில் மறுபடி கேட்டார். தாம் அருகே போனால் அரசியார் பாதியில் நிறுத்திவிடுவாரோ என்று அஞ்சி, மன்னர் கதவோரமே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆதலின் மன்னர் கட்டளையாவது: இனி அங்கிருந்து வரும் பக்குவ ஓலைகளில் பொருளின் பெயர் முழுதாகவும், கை என்றால் யார் கை என்பதும் எழுதப்படுக. அங்கே ஓலைக்குப் பஞ்சமென்றால் எங்கள் கரையில் பனைக்குப் பஞ்சமில்லை; ஒரு வண்டி ஓலை இதனுடன் வருகிறது. மேலும், அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தால் இன்னும் இரண்டு மிடறு இறங்கும் என்று அரசியார் தோழியிடம் சொன்னது மன்னர் செவியில் விழுந்தது. ஆகவே வண்டிக்குப் பின்னே பல்லக்கும் வருகிறது. பிள்ளை பிறந்து முகம் பார்க்குமட்டும் தாங்கள் இங்கே எழுந்தருளியிருக்க வேண்டும்.

மன்னர் திருவாய்மொழிப்படி சங்கு முத்திரை இடப்பெற்றது. இவை செங்கோடன் எழுத்து. வெறும் பல்லக்கோடு திரும்பக் கூடாது என்று தூக்குவோர்க்கு உத்தரவு.