சப்பரம் போகாத தெரு

டிசம்பர் 28, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது ஃபாதர் ஆல்வின் கூப்பிட்டார். "ஏனுங்க டீச்சர், உங்க வீட்டுல நீளமா ஒரு மூங்கில் கெடைக்குங்களா?"

ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். எங்கள் பங்குக்கு வந்து ஆறேழு மாதம்தான் ஆகிறது. எதற்கு என்று கேட்டேன். "சும்மாதாங்க" என்று சிரித்தார். சாமியார்கள் சும்மா எதையும் கேட்பதில்லை. கிறிஸ்துமஸ் குடிலைப் பிரிக்க என்றால் மூன்று ராஜாக்கள் திருநாள் இன்னும் வரவில்லை. பிறகு எதற்கு?

கீழ்வீட்டில் அண்ணனிடம் பந்தல் மூங்கில் கிடக்கிறது. அண்ணன் ராயப்பராஜ்தான் திருவிழா கமிட்டித் தலைவர். ஃபாதர் கேட்டார் என்றதும், "எடுத்துக் குடு, கோயில் வேலைக்குத்தான்" என்றார். அவருக்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்ளும் ஆசையே கிடையாது. எனக்கோ ராத்தூக்கம் போய்விடும் போலிருக்கிறது.

டிசம்பர் 30, செவ்வாய்

மூங்கிலைச் சப்பரக் கொட்டகைக்குள் கொண்டுபோய், சப்பரத்தின் மேல் குறுக்காக வைத்து, இரண்டு பக்கமும் தட்டு முடிகிற இடத்தில் சரியாக அறுத்துவிட்டார்! ஜன்னல் வழியாகப் பார்த்தேன். (எட்டிப் பார்த்தேன் என்றே எழுதலாம். என் டயரிதானே.) சப்பரத்தின் அகலத்துக்கு ஒரு கம்பு. இனி என்ன?

ஜனவரி 2, வெள்ளி

ஓரளவு பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதும் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

ஜனவரி இருபதாம் தேதி செபஸ்தியார் திருவிழா. சப்பரம் எங்கள் மூன்று தெருவையும் சுற்றும். தெற்குத் தெரு முனைக்கு வந்ததும் செத்த நேரம் நிற்கும். அந்தத் தெரு ஜனங்கள் முனைக்கே வந்து உப்பும் மிளகும் போட்டுக் கும்பிட்டுக்கொள்வார்கள். சப்பரம் உள்ளே போகாமல் திரும்பிவிடும். அவர்களும் எங்களைப் போல ஞானஸ்நானம் வாங்கிய வேதக்காரர்கள்தான். அதே கோயில், அதே பூசை. பிறகு ஏன் போகவில்லை என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடப் பதில் சொல்லும்: தெரு குறுகல், சப்பரம் நுழையாது.

சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. குறுகல் என்றுதான் சொல்வோம்.

ஜனவரி 3, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சிரிப்பாகவும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

காலையில் ஃபாதர் வாசலில் வந்து நின்றார். தோளில் அந்தக் கம்பு. "ஒரு முனைய நீங்க பிடிச்சா, மறு முனைய நான் பிடிச்சுக்குவனுங்க." நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெற்குத் தெரு எங்கே போய் முடிகிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரியும். பிறந்து வளர்ந்த ஊரில் ஒரு தெரு எங்கே முடிகிறது என்று தெரியாத கணக்கு டீச்சர்! போனேன்.

இரண்டு பேருமாகக் கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு தெற்குத் தெருவுக்குள் நடந்தோம். எங்கேயும் இடிக்கவில்லை. என் பக்கம் ஒரு சைக்கிள் நின்றது, அதையும் தாண்டி இடம் கிடந்தது. தெரு ஒரு தென்னந்தோப்பில் போய் முடிகிறது. அவ்வளவுதான். அதில் ஒரு ரகசியமும் இல்லை.

சகாயசெல்வி யூனிஃபார்மோடு வாசலில் நின்றாள். வத்தலக்குண்டு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சின்ன வயதில் என்னோடு ஒரே நாளில் கோயிலில் புதுநன்மை வாங்கியவள். "என்ன டீச்சர், வழி தவறி வந்துட்டீகளா?" என்றாள். எனக்கு முகம் சுண்டிப்போனது.

திரும்பி எங்கள் தெருவில் அதே கம்பைப் பிடித்துக்கொண்டு வந்தோம். ஒரே இடத்தில்தான் இடித்தது. எங்கள் வீட்டு வாசலில். பைக் ஏற்றுவதற்கு அண்ணன் சிமெண்ட்டில் சரிவு கட்டியிருக்கிறாரே, அதில். வருஷா வருஷம் அந்த இடத்தில் ஆட்கள் சப்பரத்தைச் சாய்த்துத் தூக்குவதை நானே பார்த்திருக்கிறேன்!

அண்ணன் வெளியே வந்தார். "எங்கிட்ட வாங்குன கம்ப வச்சே எங்க வீட்ட அளக்குறியா நான்சி?"

ஜனவரி 9, வெள்ளி

கல்யாண மண்டபத்தில் அமைதிக் கூட்டம். கூட்டியது கட்சிக்காரர் மோகன்குமார். தேர்தல் வரப்போகிறது, இந்த முறை நிற்கப்போகிறாராம், ஊரில் சலசலப்பு வேண்டாமாம். எல்லாருக்கும் கலர் சோடா கொடுத்தார்கள். ஒரு தாளையும் நீட்டினார்கள்: தெற்குத் தெரு குறுகலாக இருப்பதால் பழைய வழக்கப்படியே நடக்கும், பங்குச் சாமியாரும் சம்மதிக்கிறார்.

ஃபாதர் தாளைப் பொறுமையாகப் படித்தார். "குறுகல்னு எழுதியிருக்குதுங்க. அது உண்மை இல்லைங்க. 'எங்களுக்குப் பிடிக்கல'ன்னு எழுதுங்க. கீழ சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன்."

மண்டபத்தில் ஒரே கூச்சல். மோகன்குமார் கையமர்த்திவிட்டு, "சாமி, நீங்க ஒருத்தரு அளந்தா ஆச்சா? கூட யாரு பாத்தா?" என்றார். அன்றைக்குக் கம்பும் கையுமாக என்னையும் ஃபாதரையும் ஊரே பார்த்தது. ஆனால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஃபாதரும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர் திரும்பியிருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேனோ என்னவோ.

எழுந்தேன். "மறு முனையைப் பிடிச்சது நான்தான். குறுகல் இல்ல."

அண்ணன் கலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஜனவரி 10, சனி

அண்ணன் பேசவில்லை. மதினி இட்லியை மாடிப்படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுக்காமல் போய்விட்டார்கள். நான் என்ன பொய்யா சொன்னேன்? இடிச்சது எங்க வீட்டுல. அதக்கூட நான் மண்டபத்துல சொல்லலையே. அப்பா செத்த அன்னிக்கு என் கையப் பிடிச்சுக்கிட்டே நின்ன அண்ணன் - ஒரு கம்புக்காகவா?

ஜனவரி 14, புதன்

மோகன்குமாரும் கமிட்டிக்காரர்களும் வேன் வைத்துப் பிஷப் ஹவுஸுக்கு ஆயரைப் பார்க்கப் போனார்கள். ஃபாதரை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பங்குப் பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டடத்துக்கு எந்த ஆபீஸிலும் அனுமதி கிடைக்காது என்று சொல்லிவிட்டு வந்தார்களாம். மதினி படிக்கட்டில் நின்று யாரிடமோ போனில் சொன்னதைக் கேட்டேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

ஆயர் ரொனால்டு என்ன செய்வார்? பெரியவர்கள் வழக்கமாகச் செய்வதைத்தானே? இரண்டு பக்கமும் நோகாமல் ஒரு சுற்றறிக்கை, ஃபாதருக்கு மாற்றல். ஃபாதரிடமே கேட்டேன். "தெரியலைங்க டீச்சர். பெட்டிய மட்டும் கட்டி வச்சிருக்கேன்." சிரித்தார். ஆனால் கண் சிவந்திருந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

ஆயரே திருவிழாப் பூசைக்கு வந்துவிட்டார். முதல் வரிசையில் மோகன்குமார், மடியில் ஆயருக்குப் போர்த்தப் பொன்னாடை.

பிரசங்கத்தில் ஆயர் கத்தவில்லை. வகுப்பு எடுக்கிற மாதிரி சொன்னார். "செபஸ்தியார் அரண்மனையில் நின்று உண்மையைச் சொன்னதற்காக அம்பு வாங்கியவர். அவரைத் தோளில் வைத்துக்கொண்டு நாம் ஒரு பொய்யைச் சொல்லக்கூடாது. எல்லாத் தெருவுக்கும் போகட்டும். இல்லையென்றால் கொட்டகையிலேயே இருக்கட்டும். இனி எந்தத் திருவிழாவுக்கும் இதுதான். ஃபாதர் ஆல்வின் எங்கேயும் போகப்போவதில்லை."

ஆண்கள் பாதிப்பேர் எழுந்து வெளியே போனார்கள். அண்ணனும். பொன்னாடை மடித்த மடிப்போடு திரும்பிப் போனது.

சப்பரம் வெளியே வரவில்லை. எனக்கு நினைவு தெரிந்து முதல் முறை. பேண்டு செட்டுக்காரர்கள் டிரம்மைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

ஆயர் கிளம்பப் பார்த்தால், காரில் நாலு டயரிலும் காற்று இல்லை. யார் பிடுங்கியது என்று ஊருக்கே தெரியும், ஒருத்தருக்கும் தெரியாது. அவர் அங்கியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்து, திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினார். உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எங்களுக்கு ஆசீர் கொடுத்துக்கொண்டே போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

எங்கள் தெரு ஆண்கள் இன்னும் கோயிலுக்கு வருவதில்லை. பெண்கள் வருகிறோம். சாம்பல் வாங்க வரிசையில் நின்றபோது, மதினி எனக்கு முன்னால், சகாயசெல்வி எனக்குப் பின்னால். சாம்பலை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனோம்.

மார்ச் 15, ஞாயிறு

விசித்திரம்! ஆயருக்கு முடியாதது மதினிமாருக்கு முடியும் போலிருக்கிறது. கட்டிக் கொடுத்த பிள்ளைகள் எல்லாம் ஈஸ்டருக்கு மாப்பிள்ளையோடு வருகிறார்கள். உயிர்த்த ஆண்டவர் சப்பரமும் கிடையாதா என்று வீட்டுக்கு வீடு போனில் சண்டை. மதினி இன்று கமிட்டிக்காரர்கள் முன்னால், அண்ணன் காதுபடவே கேட்டார்கள்: "தெரு குறுகலு இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனி என் மருமகன்ட்ட என்னன்னு சொல்ல?" எனக்காகப் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

அண்ணன் கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டார். மற்றவர்கள் ஈஸ்டர் சப்பரம் எல்லாத் தெருவுக்கும் போகச் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

போனது. சப்பரம் தெற்குத் தெருவுக்குள் போனது. போலீஸ் ஜீப் ஒன்று முனையில் நின்றது. போலீஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னவோ ஆகும் என்று எதிர்பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் ஆகவில்லை. தோப்பு வரை போய்த் திரும்பினோம். ஒரு கிழவர் சப்பரத்தைத் தொட்டுவிட்டு, கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஃபாதர் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்.

அண்ணன் வரவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டும்போது கதவு சாத்தியிருந்தது.

சகாயசெல்வி பக்கத்தில் வந்து நடந்தாள். "சாமிக்குப் பின்னால எல்லாரும் வந்துட்டீக. சந்தோசம். சாமி இல்லாம எப்ப வாரீக டீச்சர்?" நான் சிரித்து மழுப்பினேன். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அவளோடு படித்தேன், பக்கத்தில் முட்டி போட்டுச் செபித்தேன். அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

சகாயசெல்வி வீட்டில் மதியச் சாப்பாடு. நானே போன் பண்ணி, வாரேன் என்று சொன்னேன். "வாங்க, ஆனா விசேசமா ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றாள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். புதுநன்மை அன்று என் வெள்ளைக் கவுனில் அவள் மெழுகு சிந்தியதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம். சிந்தியது நான்தான் என்கிறாள்.

திரும்பி வரும்போது அண்ணன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்கே போய்விட்டு வருகிறேன் என்று தெரியும். தெருவே பார்த்தது. நான் வழக்கம்போலப் பேசாமல் படி ஏறினேன்.

"என்ன வெஞ்சனம்?"

முதலில் மதினியிடம் கேட்கிறார் என்று நினைத்தேன். மதினி அங்கே இல்லை.

"கத்திரிக்காயும் கருவாடும்ணே. அவிச்ச முட்டை."

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன்.