பத்துப் பேர் சேரும் வரை

7 பிப்ரவரி 2012, செவ்வாய். சிதம்பரம்

காலையில் பனி. ஒன்பது மணிக்கே கரன்ட் போச்சு. தடுப்பூசிப் பெட்டிக்கு மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கிப் போட்டேன். மையம் பூராவும் கவிச்சி நாற்றம்.

வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “வர்றவங்க எல்லாம் சுகர் பேஷண்டா சிஸ்டர்? எல்லாரும் ஊசியும் கையுமா இருக்காங்களே?” ஆமாம் என்றேன். போதை ஊசி போடுகிறவர்கள், புது ஊசி வாங்க வருகிறார்கள் என்று சொன்னால் நாளைக்கே காலி பண்ணச் சொல்லுவாள்.

அன்பு இன்று தன் மச்சினன் சேகரை இழுத்து வந்தான். அன்பு ஊசியை விட்டு மூன்று வருஷமாச்சு, இப்போது எங்களிடம் ஆள் கூட்டி வரும் வேலை. சேகர் போன தீபாவளிக்கு அப்புறம்தான் ஆரம்பித்திருக்கிறான். ரத்தம் பார்த்தேன். எச்.ஐ.வி., ஈரல் கிருமி இரண்டு வகை, ஆக மூன்றுமே இல்லை. இப்படி ஒரு ரிசல்ட் பார்த்து எத்தனை நாளாச்சு!

ஈரலுக்கான தடுப்பூசி அவனுக்கு இன்றே போட்டிருக்கலாம். ஆனால் வந்தது நாலு பேர். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து, திறந்தால் அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சம் வீண். போன மாசம் கடலூர் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என்னை நிற்க வைத்துக் கேட்டார்களே, ‘ஏம்மா இவ்ளோ வேஸ்ட்’ என்று. அடுத்த செவ்வாய் வரச் சொல்லிவிட்டேன்.

அன்பு: “நாலு பேருக்குத் தொறங்க சிஸ்டர். இவன இட்டாறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துபோச்சு.”

“பத்து பேரா சேத்துக் கூட்டியா அன்பு.”

சேகர் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி வைத்திருந்தான். “பரவால்ல மாமா, அடுத்த வாரம் வரேன்” என்று இறக்கிவிட்டுக்கொண்டான். நல்ல பையன்.

வாங்க: முட்டை, துணி சோப்பு, பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் (மறுபடியும் தொலைத்துவிட்டாள்).

14 பிப்ரவரி, செவ்வாய்

வெயில். பத்துப் பேர் வந்தார்கள், சரியாக! குப்பி சுத்தமாகக் காலி. ரிப்போர்ட்டில் ‘வீண்: இல்லை’ என்று எழுதும்போது ஒரு பெருமை.

சேகர் வரவில்லை. பெண்ணாடம் பக்கம் கரும்பு லோடு ஏற்றப் போய்விட்டானாம். கட்டிங் சீசன் முடிந்துதான் வருவான் என்கிறான் அன்பு. முகம் கொடுத்துப் பேசவில்லை. வரட்டும், எங்கே போகப் போகிறான்.

தலைவலி. புயலில் உடைந்த ஓடு இன்னும் மாற்றவில்லை. கொத்தனார் போனை எடுப்பதில்லை.

24 ஏப்ரல், செவ்வாய்

புழுக்கம் தாங்கவில்லை. பாப்பா லீவு, நாள் பூரா டிவி, கரன்ட் போனால் சண்டை.

சாயங்காலம் அன்பு வந்தான். கட்டிங் முடிந்து வந்த சேகருக்கு மஞ்சள் காமாலை. ஸ்ரீமுஷ்ணம் பக்கம் யாரோ கொடுக்கும் நாட்டு மருந்தை ஒரு வாரமாகக் குடித்துக்கொண்டு, மோர் சாதம் பத்தியமாம். என்னிடம் சொல்லவே இல்லை. உடனே அவன் வீட்டுக்குப் போனேன். கண் இரண்டும் மஞ்சள். ரத்தம் எடுத்தேன். அன்றைக்குப் போடாமல் விட்ட தடுப்பூசிக்கான அதே ஈரல் கிருமி, எச்.பி., இருக்கிறது.

“பெண்ணாடத்துல கடையில ஊசி தர மாட்டேன்ட்டாங்க சிஸ்டர். மூணு பேரு ஒண்ணுலயே...” என்றான் சேகர்.

அவன் மனைவி கவிதா கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து வைத்தாள். சேகர் தொடவில்லை.

26 ஏப்ரல்

டாக்டரிடம் கேட்டேன். பெரியவர்களுக்கு முக்கால்வாசி தானே சரியாகிவிடும் என்றார். “அன்னைக்கி ஒரு டோஸ் போட்டிருந்தா மட்டும் தடுத்திருக்கும்னு நிச்சயமா சொல்ல முடியாது சிஸ்டர். மூணு டோஸ் போடணும். அன்னைக்கே ரத்தத்துல இருந்து டெஸ்ட்ல தெரியாமலும் இருந்திருக்கலாம்.”

ஆறுதலுக்குச் சொல்கிறார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இனி யாருக்குத் தெரியும்? ஒரு டோஸ் போட்டிருந்தால் இரண்டாவதுக்காவது அன்பு அவனைத் துரத்திப் பிடித்திருப்பான். ஆறு பேர் மருந்து வீணாகும் என்று பார்த்தேன். யார் வீட்டுச் சொத்து?

1 மே

சேகருக்குப் புத்தி தடுமாறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை. பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸில் கவிதாவும் அன்பும். சர்ச்சுக்குப் போனேன், ஜெபம் வரவில்லை.

4 மே

காலையில் சேகர் போய்விட்டான்.

5 மே

சாவு வீட்டுக்குப் போனேன். அன்பு வந்து, “நாந்தான் சிஸ்டர் அவன உட்டுட்டேன். கட்டி வச்சாவது நிறுத்தியிருக்கணும்” என்று அழுதான். இல்லை அன்பு, தப்பு என்னுடையது என்று வாய்வரை வந்தது. அத்தனை கூட்டத்தில் சொல்லவில்லை. அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

சமையல் இல்லை. பாப்பாவுக்குப் புரோட்டா.

22 மே, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. கடலூரிலிருந்து போன், சேகர் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டீர்களா என்று. எடுத்தாச்சு என்றேன்.

அன்பு கவிதாவை அழைத்து வந்தான். ரத்தம் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இன்று வந்தது அவள் ஒருத்திதான். குப்பியைத் திறந்தேன். கேட்கிறவன் கேட்கட்டும்.

ஊசி போட்டுப் பஞ்சை வைத்து அழுத்தும்போது கேட்டாள்: “அவுருக்கும் இதே ஊசிதானே சிஸ்டர்? அன்னைக்கி வந்து, ‘போட்டுட்டேன், இனிமே பயமில்ல’ன்னு சொன்னாரே. அப்பறம் ஏன் புடிக்கல?”

அன்பு தரையைப் பார்த்தான். வீட்டில் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறான் சேகர். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“சில பேரு உடம்புக்குப் புடிக்காதும்மா.”

“ஆமா சிஸ்டர்” என்றாள். “அவுரு உடம்பு எப்பவுமே அப்பிடித்தான். நீங்க மனசுல வச்சிக்காதீங்க.”