உங்களை எழுப்பிய ஊசி

அண்ணே,

அந்த ஊசியை உங்களுக்குப் போட்டது நான்தான். போட்டதும் எழுந்தீர்கள். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தீர்கள். கடைசி நாள் காலையிலும் அதே மருந்து என் கையில் இருந்தது, போடவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஊரில் கேட்டவர்களுக்கு இதற்கு மேல் நான் சொன்னதில்லை.

இன்று காலை மெடிக்கல்காரர் போன் செய்தார். "அக்கா, ஒங்க பெட்டில மிச்சம் இருக்கிற மருந்துக்கு இந்த மாசத்தோட தேதி முடியுது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வரவழைக்கவா?" வரவழையுங்கள் என்றேன். மலையில் இன்னும் இரண்டு வீடுகளில் அந்த வலிப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள். மாற்று மருந்துக்கு மலை நர்ஸ் என்னை நம்பித்தான் இருக்கிறாள். சொல்வதைத் தெளிவாகத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகு எடை போட்ட சாக்கையே மறுபடி எடை போட்டேன். கிடங்கில் ஏலக்காய் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நானும் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து காய் ஆய்ந்தவள்தான். சேர்த்த கூலியை முதலாக்கிக்கொண்டு, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் உங்கள் எஸ்டேட் ஸ்டோருக்குக் காய் வாங்க முதல் முதலாக வந்து நின்றேன். "ஆம்பளைக யாரும் வரலியா?" என்று கேட்டார் எஸ்டேட் கணக்கர். காய் உலர்த்தும் அறைக்குள்ளிருந்து நீங்கள் தலையை நீட்டி, "வாங்குறது ஆம்பளையா பொம்பளையான்னு காய்க்குத் தெரியுமாய்யா?" என்றீர்கள். நான் விலையை அடித்துப் பேசி முடித்ததும், "இது மூக்குத்தி போட்ட தராசுல்ல!" என்று சிரித்தீர்கள். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் உங்கள் கையால் உலர்ந்த காயைத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன். வேறு எவரிடமும் நான் கண்ணை மூடியதில்லை.

காய் உலர்த்தும் அந்த ஸ்டோர்தான் உங்கள் உலகம். அடுப்பின் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும்; மேலே தட்டுத் தட்டாகப் பச்சைக் காய். சூடு கொஞ்சம் கூடினால் காய் வெளுத்துப்போகும், குறைந்தால் வேர்த்துப்போகும். குழாயில் புறங்கையை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள்.

முதுகெலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நோய் எல்லா இடமும் பரவியிருந்தது. வாரம் ஒருமுறை ஜீப்பில் வரும் மலையாளத்து நர்ஸ் உங்கள் தோள்பட்டைக்குக் கீழே அந்தப் பிளாஸ்திரியை ஒட்டினாள். மூன்று நாளைக்கு ஒன்று. மருந்து தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நீங்கள் மல்லாந்து படுத்ததாக மதினி சொன்னார்கள். உங்கள் மனைவி அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதே நர்ஸ்தான் மாற்று மருந்தைப் பற்றியும் சொன்னாள். வலி மருந்து உடம்பில் மிஞ்சிப்போனால் ஆள் தூங்கிக்கொண்டே மூச்சை மறந்துவிடுவான். அப்போது நாலாக்சோன் ஊசி போட்டால் மூச்சு திரும்பும். வீட்டில் வைத்துக்கொள்ள டாக்டர் சாதாரணமாக எழுதித் தருவதில்லையாம். ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் ஒன்றரை மணி நேரம் என்பதால் உங்களுக்கு எழுதினார். சீட்டை நான் வாங்கிக்கொண்டு போடிக்கு இறங்கினேன். ஏலக்காய் விற்கிற ஊரில் எனக்குக் கிடைக்காத சரக்கா என்று ஒரு நினைப்பு.

முதல் கடையில் அப்படி ஒரு மருந்தே இல்லை என்றார்கள். இரண்டாவது கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "வீட்ல பையன் எவனும் போதை மாத்திரை போடுறானாக்கா?" என்றார். "எங்கண்ணனுக்கு வலி மருந்துய்யா" என்றேன். நம்பவில்லை. மூன்றாவது கடைக்காரர் மதுரையிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் பெட்டியாகத்தான் எடுக்க வேண்டும், யாரும் கேட்காத மருந்து, மிஞ்சினால் தனக்கு நட்டம் என்றார். பெட்டியை நானே எடுத்துக்கொள்கிறேன், இரண்டை மலைக்குக் கொண்டுபோகிறேன், மீதி உங்கள் கடையில் இருக்கட்டும் என்று பேசி முடித்தேன். ஒரு குப்பியின் விலை கால் கிலோ காயின் விலைகூட இல்லை. அந்த மருந்துக்காக நாலு நாள் அலைந்தேன்.

ஊசி போட எனக்குக் கற்றுக்கொடுத்தது உங்கள் கட்டில் ஓரத்தில்தான். மதினிக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம். நர்ஸ் ஒரு சௌசௌ காயைக் கொடுத்து அதில் குத்தச் சொன்னாள். நான் குத்திய வேகத்தைப் பார்த்துவிட்டு, "காய்க்கு இப்பிடின்னா என் தொடைக்கு என்ன கதி? ஏ ஆத்தா, நான் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கேன், நீ பேசாமப் போ" என்றீர்கள். நர்ஸுக்குப் பாதி புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். போகும்போது வாசலில் நின்று, "சேச்சி, சூடு வைக்கக் கூடாது கேட்டோ. சூடு பட்டா பேட்ச்சிலிருந்து மருந்து ஒண்ணா இறங்கும்" என்றாள். மதினி அன்றே வெந்நீர்ப் பையைத் தூக்கிப் பரணில் போட்டார்கள். ஒத்தடம் நின்றது. வெந்நீர்க் குளியலும் நின்றது.

ஸ்டோரை மட்டும் நாங்கள் யாரும் நினைக்கவில்லை. மற்றவர்களுக்கு அது சூடான அறை. நமக்கு அது சோலி நடக்கிற இடம். அதைப் போய் யார் ஒத்தடம் என்று நினைப்பார்கள்?

அன்று நான் லோடுக்கு வந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். விடாத சாரல், எதிரே ஆள் தெரியாத மஞ்சு. "புதுப் பையன் காயை வெளுக்க விடுறான்னு சத்தம் போட்டுட்டுப் போனாரு. குளிருக்கு எதமா அங்கனயே ஒக்காந்துட்டாரு போல" என்றார்கள் மதினி. நான் ஸ்டோருக்குள் வந்தேன். சாக்கின்மேல் உட்கார்ந்து, முதுகைக் குழாய்ப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். தாடை நெஞ்சில் கிடந்தது. குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்த சத்தம் லேசில் வரவில்லை. கூப்பிட்டேன். உலுக்கினேன். இமையைப் பிரித்துப் பார்த்தால், கண்மணி ஏல அரிசியைவிடச் சிறுத்துக் கிடந்தது. உதடு நாவல் பழம் தின்ற மாதிரி கறுத்திருந்தது.

அடுப்புக்காரரும் நானும் உங்களை மஞ்சுக்குள் இழுத்துப் போட்டோம். துணியைச் சுற்றிக்கொண்டு பிளாஸ்திரியைப் பிய்த்தேன். போனில் நர்ஸ், "மூச்சு எண்ணு சேச்சி, ஒரு மினிட்டில் எத்தனை?" என்றாள். ஆறு. "போடு. பயம் வேண்டாம். தொடையில் போடு." மதினி வீட்டிலிருந்து எடுத்துவந்த குப்பியின் கழுத்தை உடைத்தபோது என் விரல் கிழிந்தது. வேட்டிக்கு மேலேயே குத்தினேன். அவள் சொன்னபடி உங்கள் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு நிமிஷம்தான். இருபது வருஷமாக நான் செய்த எல்லா பேரத்தையும் சேர்த்தாலும் அவ்வளவு நேரம் காத்திருந்திருக்க மாட்டேன்.

பிறகு நெஞ்சு ஏறியது. கண் திறந்தது. திறந்ததும் கத்தினீர்கள். அது ஆள் பிழைத்த சத்தம் என்று அடுப்புக்காரர் கும்பிட்டார். எனக்குத் தெரிந்துவிட்டது, அது வலி. வலி மருந்தின் பிடி முழுக்க ஒரே நொடியில் விலகிவிட்டது. மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது. "எதுக்குடி எழுப்புன?" என்றீர்கள். அதுவரை என்னை நீங்கள் ஒருநாளும் 'டி' போட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். ஊசியின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும், தோலுக்கடியில் இருக்கும் மருந்து பிறகும் இறங்கிக்கொண்டிருக்கும், அதனால் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து கொஞ்சம் குறைந்த பவரில் பிளாஸ்திரியைத் திரும்ப ஒட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அண்ணே, இனி எழுதப்போவதை நீங்கள் பாதிதான் அறிவீர்கள். அந்தச் சீட்டை நான் மதினியிடம் கொடுக்கவில்லை. வீட்டில் மிச்சமிருந்த பிளாஸ்திரியையும் டப்பாவோடு எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போடிக்கு வந்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். "இந்தச் சனியன் நமக்கு வேணாம் மதினி. டாக்டரு பாத்துச் சொல்லுவாரு" என்றேன். அவர்களுக்கும் பயம்; தலையாட்டினார்கள். ஆளைக் காப்பாற்றியவள் நான், என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். சாதாரண வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் நான் கீழே வியாபாரம் பார்த்தேன். போன் செய்யும்போதெல்லாம் "இருக்காரு" என்று மட்டும் மதினி சொன்னார்கள். நீங்கள் டாக்டர் சொல்லித்தான் நிறுத்தியது என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி கிடந்திருக்கிறீர்கள். ஆறாம் நாள் நர்ஸ் வந்து, "பேட்ச் எவிடெ?" என்று கேட்டபோதுதான் விஷயம் உடைந்தது. போனில் அவள் என்னிடம் கத்தவில்லை. "சேச்சி, அந்த மருந்து தப்பில்ல. சூடுதான் தப்பு. இந்த மனுஷனை அஞ்சு நாள் வலி என்ன பாடு படுத்தியிருக்கு!" என்றாள். கத்தியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

டப்பாவை எடுத்துக்கொண்டு அன்றே மலை ஏறினேன். உங்கள் முகத்தில் எலும்பும் கண்ணும்தான் மிச்சமிருந்தன. நர்ஸ் ஒட்டி முடிக்கும் வரை நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டீர்கள்.

"ஸ்டோர்ல சூடு கூடிப்போச்சுன்னா என்ன செய்வ? அடுப்பைத் தணிப்பியா, காயை அள்ளி வெளிய கொட்டுவியா?"

"அடுப்பைத்தான் தணிப்பேண்ணே."

"எனக்கு மட்டும் ஏன் தாயி காயைக் கொட்டுன?"

வியாபாரத்தில் கெட்டுப்போன லாட்டை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஐந்து நாளை எதைக் கொண்டு மாற்றுவது?

கடைசி வாரம் நான் மேலேயே தங்கிவிட்டேன். பிளாஸ்திரி ஒட்டியபடி நீங்கள் தூங்கினீர்கள், கஞ்சி குடித்தீர்கள், புதுப் பையனைத் திட்டினீர்கள். பத்தொன்பதாம் நாள் விடிந்ததும் மூச்சு மாறியது. கொஞ்சம் வேகமாக ஓடும், பிறகு நின்றுவிடும், மறுபடி ஓடும். குப்பியைக் கையில் எடுத்துவிட்டேன். போன் செய்ததும் நர்ஸ் ஜீப்பில் வந்து இறங்கி, உங்கள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். மருந்து மிஞ்சினால் சிறுக்கும் கண்மணி சிறுக்கவில்லை. முதுகில் சூடு இல்லை, பிளாஸ்திரி சரியாக இருந்தது. "இது மருந்தல்ல சேச்சி. இது நோய். இப்போ போட்டா வலி மட்டும்தான் திரும்ப வரும்" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். குப்பியைக் கீழே வைத்தேன். உங்கள் நெற்றியில் சுருக்கம்கூட இல்லை. மதினி உங்கள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாரல் விடுவதற்குள் முடிந்துவிட்டது.

போட்டிருக்கலாமோ என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டு வீடுகளுக்குப் போகும்போது முதலில் அவர்கள் அடுப்பு எங்கே இருக்கிறது, கட்டில் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். பிறகு பிளாஸ்திரியை யாராவது பயந்து எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன். இரண்டாவதைக் கேட்கும்போது என் குரல் கடுமையாகிவிடுகிறது. ஏனென்று அவர்களுக்குத் தெரியாது.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்த அன்று, நர்ஸ் கிளம்புவதற்கு முன், போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி நீங்கள் பேசி முடித்த பேரம் இது. நீங்கள் ஸ்டோருக்குள் கால் வைப்பதில்லை. ஒரு கைப்பிடி காய் வெளியே வரும், பார்த்துச் சொல்வீர்கள். பிளாஸ்திரியை ஒட்டுவதும் நிறுத்துவதும் நர்ஸ் பொறுப்பு; நானும் மதினியும் எங்கள் இஷ்டத்துக்குத் தொடுவதில்லை. ஊசி என்னிடம் இருக்கும். சூட்டாலோ கைப்பிழையாலோ மூச்சு குறைந்தால், நீங்கள் எவ்வளவு திட்டினாலும் போட வேண்டும். நோயால் குறைந்தால் போடக் கூடாது. எது என்று எனக்குத் தெரியாவிட்டால் நர்ஸ் சொல்வதுதான் முடிவு. "அதுக்குப் பெறகு, செஞ்சது சரியா தப்பான்னு நீ ஒன்னையவே கேட்டுக்கிட்டுக் கெடக்கப்படாது" என்றீர்கள். சரி என்று கையைக் கொடுத்தேன்.