ஃபெஸ்டி சொல்ல வேண்டிய பெயர்

இனிஷ்வாரா தீவு
நவம்பர் 9, 1953

அன்பு மகன் ஃபெஸ்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். பாஸ்டனில் குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சுக்குக் கம்பளி போட்டுக்கொள். நீ அனுப்பிய பூட்ஸ் வந்து சேர்ந்தது. கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். பரவாயில்லை.

உருளைக்கிழங்கு இந்த வருடம் மோசமில்லை. ஆனால் அடுத்த விதைப்பு இங்கே கிடையாது. வசந்தத்தில் எங்கள் எல்லோரையும் தீவைவிட்டு அக்கரைக்குக் கூட்டிப்போய் அரசாங்கம் வீடு கொடுக்கப் போகிறது. "அங்க வீட்டுக்குள்ளயே தண்ணி வருமாம். இங்கயும்தான் வருது, கூரை வழியா" என்று சிவப்பு மார்ட்டின் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் பேச்சுக்கு இப்போதெல்லாம் யாரும் சிரிப்பதில்லை.

போவதற்குள் தீவின் இடப்பெயர்களை வரைபடத்தில் ஏற்ற டப்ளினிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர், மழையிலும் எங்களோடு சுற்றினார். வடக்கே ஆட்டுப்படி, கிழக்கே துறவிகளின் கிணறு, பிறகு கடலில் போனவர்களின் பாறைகள். என் பெரியப்பா பெயரில் மீஹால் பாறை, ஓ'டூல் சகோதரர்கள் பாறை என்று சொல்லச் சொல்ல எழுதினார். மேற்கே கடைசிக் கருங்கல்லைக் காட்டி, இது என்ன என்றார். எல்லோரும் உன் அம்மாவைப் பார்த்தார்கள்.

"அதுக்கு இன்னும் பேர் இல்லைங்க. கூட இருந்தவன் வாயால வரணும்" என்றாள்.

நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? மூழ்கியவனைக் கடைசியாகப் பார்த்தவன்தான் பாறைக்கு முதலில் அவன் பெயரைச் சொல்ல வேண்டும். அதுவரை அவன் செத்தவர்களோடு சேர்வதில்லை. அன்றைக்கு அண்ணன் கோல்மனும் நீயும் போன படகில் நீ மட்டும் திரும்பி வந்தாய். வாயே திறக்காமல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டாய். இந்த மாதம் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தபோதும் அம்மா கோல்மன் பெயரைக் கொடுக்கவில்லை.

மூடுபனி இறங்கினால் அந்தக் கல்லிலிருந்து ஒரு குரல் வருகிறது. கோல்மன் தன்னைக் கூப்பிடுகிறான் என்று அம்மா வாசலில் நின்று பதில் கொடுப்பாள். அது கடல்நாய் என்று நான் அதட்டுவேன். போன செவ்வாய் மத்தியானம், நண்டுக்கூடை எடுக்கப் போய், பனியில் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். குரல் தெளிவாகக் கேட்டது. துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அது அம்மாவைக் கூப்பிடவில்லை. "ஃபெஸ்டி" என்றது. கோபமாக இல்லை. சின்ன வயதில் சாப்பாட்டு நேரத்தில் அவன் உன்னைத் தேடி வந்து கூப்பிடுவானே, அதே மாதிரி.

அம்மாவிடம் சொல்லவில்லை. இத்தனை வருடம் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

நாங்கள் போனபின் அவனுக்குப் பதில் கொடுக்க இங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. படகில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டோம். நீ வரக்கூட வேண்டாம், மகனே. அங்கேயே கடற்கரைக்குப் போய் அவன் பெயரை ஒரு தடவை உரக்கச் சொல். அதுவும் இதே கடல்தான். சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுது, அம்மாவுக்கு நான் படித்துக் காட்டுகிறேன்.

கடவுள் என் இரண்டு பிள்ளைகளையும் கரை சேர்க்கட்டும்.

உன் அப்பா,
பார்ட்லி