இடுப்பை மறந்திருந்த ஒரு மணி நேரம்

செட்டிகுளம்
ஆவணி 22

அன்பு மகன் அறிவரசனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மலைமேல் இருக்கிற முருகன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் தங்கச்சி கவியாவும் இங்கே நலமாக இருக்கிறோம், நீ அங்கே சிங்கப்பூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாயா. எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற நலம்தானே என்று தாண்டிப் போய்விடாதே சாமி, இது நிஜமான நலம். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கவியா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

போன வாரம் நீ வேலையை விட்டுவிட்டு வருகிறேன், உன்னைத் திருச்சிக்குக் கூட்டிப்போய் இடுப்பில் ஆபரேஷன் செய்துவிடுகிறேன் என்று போனில் அழுதாய் அல்லவா, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று ஆகிவிட்டது. எப்படி என்று கேள். போன புதன்கிழமை பிடுங்கிய வெங்காயம் முழுக்கக் காட்டிலே காய்ந்துகொண்டு கிடந்தது, மூன்று மணிக்கு மேற்கே கருகருவென்று மேகம் ஏறிவிட்டது. உன் அப்பா தார்ப்பாய் வாங்கிவரப் பாடாலூர் போயிருந்தார். நானும் பக்கத்துக் காட்டு தேவயானியும் விழுந்தடித்துக்கொண்டு ஓடிக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டகைக்குள் சேர்த்தோம். ஒரு மணி நேரம் இருக்கும், குனிந்த தலை நிமிரவில்லை, இடுப்பில் வலி என்ற நினைப்பே இல்லை. கடைசிக் கூடையைத் தூக்குகிறேன், உன் அப்பா வண்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு, "அடியே, குனியாதடி, இடுப்பு என்னாவறது" என்று கத்தினார். அந்தச் சொல் காதில் விழுந்ததோ இல்லையோ, வெட்டி இழுத்தது பார், கூடையோடு உட்கார்ந்துவிட்டேன். மழையும் வரவில்லை, சும்மா நாலு தூறல் போட்டுவிட்டுப் போய்விட்டது.

எனக்கு ஒரே வெட்கம். ஒன்றரை வருஷமாக ஊரையே ஏமாற்றியிருக்கிறேனோ என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில் எனக்கு இடுப்பு பார்க்கிற டாக்டரம்மாவிடம் திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. முன்பு எடுத்த ஸ்கேனை மறுபடி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள், என் வயசுக்கு இருக்கிற தேய்மானம்தான், கத்தி வைக்கிற அளவுக்கு ஒன்றுமே இல்லை என்றாள். எதையாவது நினைத்துப் பயப்படுகிறீர்களா என்று கேட்டாள். உன் பெரியம்மா கலியம்மாளைச் சொன்னேன். தா.பழூரில் அக்காவுக்கும் இடுப்பு வலி என்றுதானே ஆரம்பித்தது, கடைசியில் எலும்பில் புற்றுநோய் என்றார்கள், ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். அந்தக் காரியம் முடிந்து வந்த மாதம்தான் எனக்கு வலி ஆரம்பித்தது. நானும் அப்படித்தான் போவேன், உன் கல்யாணத்தைப் பார்க்க மாட்டேன் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். உன் அப்பாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது இல்லம்மா, நல்லாப் பாத்துட்டேன். ஆனா உங்க வலி பொய் இல்ல. சதையில இருந்து சேதிதான் போவுது, அது எவ்ளோ ஆபத்துன்னு முடிவு பண்றது மூளை. பயந்துகிட்டே இருந்தா சின்ன சேதியையும் பெருசாக்கிக் காட்டும். மழைக்குப் பயந்து ஓடினீங்கல்ல, அப்ப அதுக்கு இடுப்பைக் கவனிக்க நேரமில்ல" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்காக இல்லை, பொய் இல்லை என்று ஒருத்தி சொன்னாளே, அதற்காக. திருடன் வந்துபோன வீட்டு நாய் காற்றடித்தாலும் குரைக்குமே, என் உடம்பும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஒரு நாளில் அடங்காது, மெதுவாகப் பழக்க வேண்டும், படுத்தே கிடக்காமல் தினம் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறாள். நேற்று மலை ஏறினேன். பாதிப் படியில் பிடித்தது. நின்றேன், இது அக்காவுக்கு வந்தது இல்லை என்று சொல்லிக்கொண்டேன், வலியோடேயே மேலே போய்விட்டேன்.

உனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். போனை எடுத்ததும் இடுப்பு எப்படிம்மா என்று கேட்காதே. உன் அன்பு தெரியும் கண்ணு, ஆனால் நீ கேட்டவுடனே நான் தேடிப் பார்க்கிறேன், தேடினால் இருக்கிறது. பசு கன்று போட்டதா, கவியா யாரோடு சண்டை போட்டாள், அதைக் கேள். நீயும் கழுத்து வலி என்று ராத்திரியெல்லாம் போனில் நோய் தேடிப் படிக்கிறாயாம், கவியா சொன்னாள். அதை நிறுத்து, ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கு.

நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும். வேலையை விடாதே. ஆபரேஷனுக்கு வர வேண்டாம், பொங்கலுக்கு வா. பாடாலூரில் நீ பஸ்ஸை விட்டு இறங்கும்போது நான் நிற்பேன், உன் பெட்டியில் ஒன்றை நான்தான் தூக்குவேன். அப்போது வாயைத் திறக்கக் கூடாது என்று உன் அப்பாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
வைரக்கண்ணு